லங்காஸ்டர் வம்சம் ஏன் ஆட்சியை இழந்தது? "பைத்தியக்கார ராஜா" என்பதைத் தாண்டி ஏதாவது சொல்லுங்கள்

கல்தூண் (இழையைத் தொடங்கியவர்):

லங்காஸ்டர், யார்க் என்ற இரண்டு அரச குடும்பங்கள் இங்கிலாந்து மகுடத்துக்காக மோதிய ரோஜாப் போர்கள் பற்றித் தமிழில் எங்கே தேடினாலும் ஒரே பதில்தான் வருகிறது. லங்காஸ்டர் ராஜா ஆறாம் ஹென்றிக்குப் புத்தி பேதலித்தது, யார்க் குடும்பம் ஆட்சியைப் பிடித்தது, முடிந்தது கதை. எனக்கு இது ஒட்டவே இல்லை.

வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ராஜா நினைவிழந்தது 1453 ஆகஸ்டில். பிரான்ஸில் இங்கிலாந்தின் கையில் இருந்த நார்மண்டி முழுவதும் பிரெஞ்சுக்காரர்களிடம் போனது அதற்கு முன்பே, 1449-50இல். ராஜாவின் வலதுகையாக இருந்த சஃபோக் டியூக் (டியூக், ஏர்ல் எல்லாம் பெரும் பிரபுப் பட்டங்கள்), நாடு கடத்தப்பட்டுக் கப்பலில் போகும்போது வழிமறிக்கப்பட்டுக் கடலிலேயே தலை வெட்டப்பட்டது 1450 மே மாதம். கென்ட் வட்டார மக்கள் ஜாக் கேட் தலைமையில் லண்டனுக்குள் புகுந்து, கருவூலத் தலைவராக இருந்த சே பிரபுவின் தலையை நடுத்தெருவில் எடுத்தது அதே வருடம் ஜூலை. அப்போதெல்லாம் ராஜா நல்ல நினைவோடுதான் இருந்தார்.

நோயும் சுமார் 16 மாதம்தான். 1454 கிறிஸ்துமஸ் வாக்கில் தெளிந்துவிட்டார். அதன் பிறகு ஆறு வருடத்துக்கு மேல் அரியணையில் இருந்தார். கைக்குழந்தையாக 1422இல் ராஜாவானவரை 1461 வரை யாரும் இறக்கவில்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள். இவ்வளவு பலவீனமான ஒருவர் ஏன் விழுந்தார் என்பதோடு, ஏன் இத்தனை வருடம் விழாமல் இருந்தார் என்பதற்கும் பதில் வேண்டும். இந்தக் காலகட்டத்தில் ஊறியவர்கள் இங்கே சிலர் உண்டு என்று தெரியும். வாருங்கள்.


வைகைக்கரை:

ஊறவெல்லாம் வேண்டாம், அஸ்திவாரமே கோணல். லங்காஸ்டர்கள் மகுடத்தைப் பறித்து வந்தவர்கள்.

மூன்றாம் எட்வர்டின் மூத்த மகன் வழியில் வந்த இரண்டாம் ரிச்சர்டுக்குப் பிள்ளை இல்லை. அடுத்த வழி லயனல். அவருக்கு மகள் பிலிப்பா மட்டும். அவளுடைய வாரிசுகள் மார்ட்டிமர் குடும்பம். அதற்கும் அடுத்த தம்பி கான்ட் ஊர் ஜான், லங்காஸ்டர் டியூக். ஜானின் மகன்தான் 1399இல் ரிச்சர்டை இறக்கிவிட்டு நான்காம் ஹென்றியாக உட்கார்ந்தவர். அந்த நேரத்தில் மார்ட்டிமர் வாரிசு ஏழு வயதுச் சிறுவன், அதனால் யாரும் பேசவில்லை. அந்தச் சிறுவனின் அக்கா ஆன், யார்க் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். அவள் மகன் ரிச்சர்டுதான் ஆறாம் ஹென்றியை எதிர்த்த யார்க் டியூக்.

ஆக, மூத்தவர் வழி யார்க்கிடம், இளையவர் வழி லங்காஸ்டரிடம். பெண்வழி செல்லாது என்று லங்காஸ்டர்கள் சொல்லவும் முடியாது. அவர்கள் பிரான்ஸ் மகுடத்தைக் கேட்டதே பெண்வழி உரிமையில்தானே! என்றைக்காவது ஒருநாள் இந்தக் கணக்கு தீர்க்கப்பட்டிருக்கும்.


கல்தூண்:

>> என்றைக்காவது ஒருநாள் இந்தக் கணக்கு தீர்க்கப்பட்டிருக்கும்

எனக்கு உடன்பாடில்லை நண்பரே. வம்சாவளி அவ்வளவு பெரிய வெடிமருந்து என்றால் 1415இலேயே வெடித்திருக்க வேண்டும். யார்க் டியூக்கின் அப்பா, கேம்பிரிட்ஜ் ஏர்ல், அந்த வருடம் சவுத்தாம்ப்டனில் சதி செய்தார்: ஐந்தாம் ஹென்றியைத் தீர்த்துவிட்டு மார்ட்டிமரை ராஜாவாக்குவது. ஹென்றியிடம் போய்ச் சதியைச் சொல்லிக் கொடுத்தது யார்? அந்த மார்ட்டிமரே. உரிமை கையில் இருந்த ஆளுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

அப்புறம் 1460 அக்டோபர். இந்தக் காட்சியை யோசித்துப் பாருங்கள். நார்தாம்ப்டன் சண்டையில் ராஜா யார்க் தரப்பின் கையில் சிக்கிவிட்டார். லண்டனும் அவர்கள் பக்கம். யார்க் டியூக் அயர்லாந்திலிருந்து திரும்பி, தனக்கு முன்னால் வாளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வரச் சொல்லி, ராஜா மாதிரியே வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குள் நுழைகிறார். நேராகக் காலி அரியணையிடம் போய் அதன் மேல் கையை வைக்கிறார். ஆரவாரம் எழும் என்று எதிர்பார்த்தார். ஒருவர் வாயும் திறக்கவில்லை. கான்டர்பரி பேராயர் வந்து, ராஜாவைப் பார்க்க விருப்பமா என்று பணிவாகக் கேட்கிறார். என்னை வந்து பார்க்க வேண்டியவர்தான் இந்த நாட்டில் உண்டு, நான் போய்ப் பார்க்க வேண்டியவர் எவரும் இல்லை என்கிற தோரணையில் பதில் சொல்லிவிட்டு டியூக் போய்விடுகிறார்.

அவருடைய சொந்தக் கூட்டாளிகளே ஆடிப்போனார்கள். பிரபுக்கள் விவகாரத்தை நீதிபதிகளிடம் தள்ளினார்கள். இது எங்கள் சட்ட அறிவுக்கு மீறிய விஷயம் என்று நீதிபதிகள் நழுவினார்கள். கடைசியில் வந்த சமரசம் என்ன? ஹென்றி உயிரோடு உள்ளவரை அவரே ராஜா, அவருக்குப் பின் யார்க். படையும் தலைநகரமும் கையில் இருந்தும், வம்சாவளியைக் காட்டி இவ்வளவுதான் வாங்க முடிந்தது.

உரிமை என்பது சண்டை வந்த பிறகு உறையிலிருந்து எடுத்த கத்தி. சண்டைக்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.


கணக்குப்பிள்ளை:

அந்த வேறு இடம் கஜானா. என் பெயருக்கேற்ற பதில் என்று சிரிக்காதீர்கள்.

1433இல் கருவூலத் தலைவர் குரோம்வெல் பிரபு கணக்குப் பார்த்தபோதே அரசின் கடன் 1,60,000 பவுண்டுக்கு மேல். 1449-50 வாக்கில் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட தொகை 3,72,000. ராஜாவின் சொந்த நிலங்களிலிருந்து வரும் வருமானம் ஆண்டுக்கு 5,000 பவுண்டு, அரண்மனைச் செலவு மட்டும் 24,000 என்பது அப்போதைய புகார். உறுப்பினர்கள் ராஜாவுக்கு எதிராகக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். இருந்தாலும் திசை தெளிவு.

நிலம் எங்கே போனது? கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டார். ஆறாம் ஹென்றிக்கு "இல்லை" என்று சொல்ல வராது. மனு கொண்டுவருபவர் முகத்தைப் பார்த்தாலே கையெழுத்துப் போடுகிற ரகம். ஈட்டன் பள்ளியும் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியும் அவர் உருப்படியாகச் செய்தவை, அதற்கும் பணம் வேண்டுமே.

விளைவைப் பாருங்கள். 1450 ஜனவரியில் சிசெஸ்டர் பிஷப் மொலின்ஸ், போர்ட்ஸ்மவுத்தில் படைக்குச் சம்பளம் கொடுக்கப் போனார். பாக்கி தீராத ஆத்திரத்தில் இருந்த வீரர்களும் மாலுமிகளும் அவரையே கொன்றுவிட்டார்கள். யார்க் டியூக்குக்கும் பிரான்ஸில் பணியாற்றிய வகையில் அரசு 38,000 பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்திருந்தது. அதில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லி அவரிடமே கேட்டார்கள். அவர் இடத்துக்கு நியமிக்கப்பட்ட சாமர்செட் டியூக் நார்மண்டியின் ரூவான் நகரத்தைச் சரணடைந்து கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். அவருக்குத் தண்டனை? பிரான்ஸ் கரையில் இங்கிலாந்திடம் இருந்த கலே கோட்டையின் தளபதி பதவி! யார்க் கொதித்ததில் ஆச்சரியம் ஏதாவது உண்டா?


மழைக்கால வாசகி:

ஒரு வாரமாக இந்தப் பகுதியை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்றுதான் எழுதத் துணிந்தேன். ஒரு சந்தேகம். இந்தக் கடன், பிரான்ஸ் தோல்வி எல்லாம் ஐந்தாம் ஹென்றி வைத்துவிட்டுப் போனது இல்லையா? எல்லாரும் அவரை மாவீரன் என்று கொண்டாடுகிறார்கள். மகன் தலையில் சுமையை ஏற்றியது அவர்தானே?


வைகைக்கரை:

துணிந்ததற்கு வாழ்த்துகள், நல்ல கேள்வி. பாதி சரி.

1415இல் அஜின்கோர்ட் வெற்றி, 1420இல் துருவா ஒப்பந்தம். பிரெஞ்சு ராஜாவின் மகளைக் கட்டிக்கொண்டு, மாமனாருக்குப் பின் பிரான்ஸும் தனக்கே என்று எழுதி வாங்கினார். இரண்டு வருடம் சொச்சத்தில், 1422 ஆகஸ்டில், 35 வயதில் வயிற்றுக்கடுப்பில் செத்துப்போனார். மகனுக்கு வயது ஒன்பது மாதம். அக்டோபரில் மாமனாரும் போய்ச் சேர்ந்தார். தொட்டிலில் கிடந்த குழந்தைக்கு இரண்டு ராஜ்யம்.

சுமை இங்கேதான் இருக்கிறது. அதுவரை பிரான்ஸ் போர் என்றால் ஆங்கிலேயர்களுக்குக் கொள்ளை, பிணைப்பணம், லாபம். ஒப்பந்தத்துக்குப் பிறகு அது ராஜாவின் இன்னொரு ராஜ்யம். அங்கே இருக்கிற நிலத்தைக் காப்பாற்ற நாங்கள் ஏன் இங்கே வரி கட்ட வேண்டும் என்று நாடாளுமன்றம் கையை இறுக்கியது. 1435இல் பர்கண்டி டியூக் இங்கிலாந்தோடு இருந்த கூட்டணியை முறித்துக்கொண்டார், அதே வருடம் ராஜாவின் திறமையான சித்தப்பா பெட்ஃபோர்ட் இறந்தார், அடுத்த வருடம் பாரிஸ் போனது.

ஆனால் ஒன்று. குழந்தை ராஜாவாக இருந்த அந்தப் பதினைந்து வருடமும் இங்கிலாந்துக்குள் ஆட்சி குலையவில்லை. சித்தப்பா குளோஸ்டரும் கார்டினல் போஃபோர்டும் முட்டிக்கொண்டாலும் ஆலோசனைச் சபை நாட்டை ஓட்டியது. 1437இல் ராஜா பொறுப்பை ஏற்ற பிறகுதான் சரிவு. ராஜா குழந்தை என்றால் சபை முடிவெடுக்கலாம். வளர்ந்த ராஜா முடிவெடுக்காமல் உட்கார்ந்திருந்தால் அவருக்காக முடிவெடுக்க யாருக்கும் உரிமை கிடையாது. எடுத்தால் அதிகாரத்தைக் கைப்பற்றியவன் என்ற பழி வரும். சஃபோக்கின் தலை போனது அதனால்தான்.


நூலகப்பூனை:

வைகைக்கரையின் கடைசிப் பத்தியைச் சட்டம் போட்டு மாட்டலாம். மாவட்ட அளவில் அது என்ன செய்தது என்று நான் சொல்கிறேன். போர் வெஸ்ட்மின்ஸ்டரில் மட்டும் மூளவில்லை.

டெவன் பகுதியில் இரண்டு பெரிய குடும்பங்கள்: கோர்ட்னி (டெவன் ஏர்ல்), பான்வில். 1437இல் கார்ன்வால் நிலங்களின் நிர்வாகப் பதவியை ராஜா பான்வில்லுக்குக் கொடுத்தார். 1441இல் கிட்டத்தட்ட அதே பதவியைக் கோர்ட்னிக்கும் கொடுத்துவிட்டார்! முதல் மனு ஞாபகம் இல்லை போலிருக்கிறது. இரண்டு பேரும் ஆயுதத்தோடு அலுவலகத்துக்கு வந்தால் என்ன ஆகும்? அந்தப் பகை வளர்ந்து, 1455 அக்டோபரில் ஏர்லின் மகன், ராட்ஃபோர்ட் என்ற வயதான வழக்கறிஞரை வீடு புகுந்து கொல்கிற வரை போனது. டிசம்பரில் கிளிஸ்ட் என்ற இடத்தில் இரு தரப்பும் படை திரட்டி மோதின.

வடக்கே நெவில் குடும்பமும் பெர்சி குடும்பமும். 1453 ஆகஸ்டில் கல்யாணம் முடிந்து திரும்பிய நெவில் கூட்டத்தை ஹெவர்த் மூர் என்ற இடத்தில் பெர்சி ஆட்கள் மறித்தார்கள். பாகப்பிரிவினை வழக்கில் நீதிபதி தூங்கிவிட்டால் பங்காளிகள் அரிவாளைத் தேடுவார்கள், அந்தக் கதைதான். ராஜாவின் முதல் வேலை பெரிய இடத்துத் தகராறுகளுக்குப் பாரபட்சமில்லாத தீர்ப்புச் சொல்வது. அது நின்றுபோன பிறகு ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று ஒரு காவலனைத் தேடியது. பெர்சி சாமர்செட்டோடு சேர, நெவில் யார்க்கோடு சேர்ந்தது. நெவில் குடும்பத்துச் சால்ஸ்பரி ஏர்லும் அவர் மகன் வாரிக் ஏர்லும் இல்லாமல் யார்க் ஒரு தனிமரம்.

1455 மே 22, செயின்ட் ஆல்பன்ஸ். பெரும் போர் என்று சொல்ல முடியாது, கடைவீதியில் கொஞ்ச நேரச் சண்டை. ஆனால் செத்தவர்கள் யார் என்று பாருங்கள்: சாமர்செட், நார்தம்பர்லாந்து ஏர்ல் பெர்சி, கிளிஃபோர்ட் பிரபு. யார்க்குக்கும் நெவில்களுக்கும் யார் யார் எதிரியோ, தேடிப் பிடித்தது மாதிரி அவர்களே செத்தார்கள். ராஜா கழுத்தில் அம்புக் காயத்தோடு உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து செத்தவர்களின் மகன்களுக்கு இது அப்பன் ரத்தம்.

சமாதானம் செய்ய 1458இல் ராஜா ஒரு முயற்சி எடுத்தார். கொன்றவர்களும் இறந்தவர்களின் மகன்களும் கைகோத்து புனித பவுல் பேராலயத்துக்கு ஊர்வலம் போனார்கள். இறந்தவர்களின் ஆன்மாவுக்குப் பூசை நடத்த யார்க் தரப்பு ஆண்டுக்கு 45 பவுண்டு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. நல்ல மனசுதான். அடுத்த வருடமே படை எடுத்துவிட்டார்கள்.


கல்தூண்:

அந்த அடுத்த வருடத்தில்தான் என் சந்தேகம் முழுக்க நிற்கிறது. இந்த இழையைத் தொடங்கியதே இதை எழுதத்தான்.

1459 அக்டோபரில் லட்ஃபோர்ட் பாலத்தில் யார்க் தரப்பு நின்றது. எதிரே ராஜாவே கொடியோடு நின்றார். கலேயிலிருந்து வாரிக் கூட்டி வந்த வீரர்களை நடத்தியவர் ட்ரோலோப். ராஜாவுக்கு எதிராக அம்பு விட மாட்டோம் என்று ராத்திரியோடு ராத்திரியாக அவர் ஆட்களுடன் அந்தப் பக்கம் போய்விட்டார். தலைவர்கள் படையை விட்டுவிட்டு ஓடினார்கள், யார்க் அயர்லாந்துக்கு, மற்றவர்கள் கலேக்கு. இது லங்காஸ்டரின் முழு வெற்றி. ராஜா என்ற பெயருக்கு அப்போதும் எவ்வளவு பலம் இருந்தது என்று பாருங்கள்.

அந்த வெற்றியை என்ன செய்தார்கள்? நவம்பரில் காவென்ட்ரியில் நாடாளுமன்றத்தைக் கூட்டி, யார்க், சால்ஸ்பரி, வாரிக், அவர்கள் பிள்ளைகள் எல்லாரையும் துரோகிகள் என்று சட்டம் போட்டார்கள். உயிருக்கு மட்டும் தண்டனை என்றால் ஓடிப்போய்த் தப்பலாம். இந்தச் சட்டம் வாரிசுகள் வரைக்கும் நிலத்தைப் பிடுங்கியது. அதுவரை யார்க்குக்குப் பின்வாங்க வழி இருந்தது. 1452இல் படையெடுத்துத் தோற்று, பவுல் பேராலயத்தில் சத்தியம் செய்துவிட்டு வீட்டுக்குப் போனவர்தான் அவர். காவென்ட்ரிக்குப் பிறகு போக வீடே இல்லை.

இப்போது அறுபது வருடம் பின்னால் போங்கள். லங்காஸ்டர்களுக்கு மகுடம் வந்தது எப்படி? 1399 பிப்ரவரியில் கான்ட் ஊர் ஜான் இறந்தார். இரண்டாம் ரிச்சர்ட் அவருடைய மொத்தச் சொத்தையும் எடுத்துக்கொண்டு, மகனை ஆயுளுக்கும் நாடு கடத்தினார். அந்த மகன் ரேவன்ஸ்பர் என்ற கடற்கரையில் வந்து இறங்கி, அப்பாவின் நிலம் மட்டும் போதும் என்று சொல்லிக்கொண்டே படை திரட்டினார். ராஜா இவன் நிலத்தைப் பிடுங்கினால் நாளைக்கு நம் நிலத்தையும் பிடுங்குவான் என்று பிரபுக்கள் பயந்ததுதான் அவரை அரியணைக்குக் கொண்டுபோனது.

எந்தத் தவறால் ரிச்சர்ட் விழுந்தாரோ அதே தவறை லங்காஸ்டர்கள் 1459இல் செய்தார்கள். அவர்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது, அவர்களின் சொந்தக் கதை அது. வேடிக்கை இன்னும் இருக்கிறது. 1471இல் யார்க்கின் மகன் எட்வர்ட், விரட்டப்பட்டு வெளிநாட்டிலிருந்து திரும்பியபோது இறங்கிய இடமும் ரேவன்ஸ்பர். சொன்ன வார்த்தையும் அதே: எனக்கு யார்க் டியூக் பட்டம் மட்டும் போதும். வழியில் "ஹென்றி ராஜா வாழ்க" என்று கோஷம் வேறு போட்டாராம்! எழுபது வருடப் பழைய பாட்டு, அப்போதும் எடுபட்டது.


கணக்குப்பிள்ளை:

>> போக வீடே இல்லை

ஆனால் கலே இருந்தது ஐயா. அதை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். நிலம் பறிபோனவன் எல்லாம் திரும்பி வந்து ராஜாவைப் பிடித்துவிட முடியாது. வாரிக் எப்படி வந்தார் என்பதுதான் கேள்வி.

இங்கிலாந்துக்கு நிரந்தரப் படை என்று ஒன்று இருந்தால் அது கலே கோட்டைக் காவல் படைதான். கம்பளி ஏற்றுமதியில் பெரும்பகுதி அந்த ஊர் வழியாகப் போனது. கம்பளி வணிகர்களுக்கு அரசு கொடுக்க வேண்டிய கடன் ஏராளம். அரசை நம்பிப் புண்ணியமில்லை என்று அவர்கள் வாரிக்குக்கு மேலும் பணம் கொடுத்தார்கள். கலேயைப் பிடிக்க லங்காஸ்டர் தரப்பு அனுப்பிய கப்பல்கள் சாண்ட்விச் துறைமுகத்தில் தயாராகும்போது, 1460 ஜனவரியில் வாரிக்கின் ஆட்கள் வந்து கப்பல்களையும் தளபதி ரிவர்ஸ் பிரபுவையும் அவர் மகனையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனார்கள். சாதாரணக் குடியில் பிறந்த உனக்கு என்ன திமிர் என்று ரிவர்ஸை நிறுத்தி வைத்துத் திட்டினார்களாம், கூட நின்று திட்டியவர்களில் இளம் எட்வர்டும் ஒருவர். நான்கு வருடம் கழித்து அதே ரிவர்ஸின் மகளை ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டார் அந்த மாப்பிள்ளை!

ஜூன் கடைசியில் சாண்ட்விச்சில் இறங்கினார்கள். ஜூலை 2ஆம் தேதி லண்டன் கதவைத் திறந்தது. 10ஆம் தேதி நார்தாம்ப்டனில் ராஜா கைதி. காவென்ட்ரி சட்டத்துக்கு எட்டு மாதம்கூட ஆயுள் இல்லை.


நூலகப்பூனை:

நார்தாம்ப்டனில் அரண் தாண்டி எதிரியைக் கை கொடுத்து உள்ளே தூக்கிவிட்டது லங்காஸ்டர் தரப்பின் கிரே பிரபு. அவருக்கும் லங்காஸ்டர் பக்கத்து எக்ஸிட்டர் டியூக்குக்கும் ஆம்ப்டில் பண்ணை தொடர்பாகப் பழைய நிலத் தகராறு. தீர்க்கப்படாத வழக்குகள் போர்க்களம் வரைக்கும் கூடவே வரும் என்பதற்கு இன்னொரு சாட்சி.


மழைக்கால வாசகி:

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். ஆறாம் ஹென்றியின் மனைவி மார்கரெட் ராணியின் பெயரை யாருமே எடுக்கவில்லை. வழக்கமாக மொத்தப் பழியும் அவள் மேல்தான் விழும், அந்த வகையில் சந்தோஷம்தான். இருந்தாலும் அவளை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது.

பதினைந்து வயதில் வந்தவள். அவளுடைய கல்யாணப் பேச்சோடு ஒட்டி மேன் மாகாணத்தைப் பிரான்ஸுக்குத் திருப்பிக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்தது ராஜா, திட்டு வாங்கியது அவள். எட்டு வருடம் குழந்தை இல்லை. 1453 அக்டோபரில் மகன் பிறக்கும்போது புருஷனுக்கு நினைவு இல்லை; குழந்தையைக் கொண்டுபோய்க் காட்டியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மகன் சார்பில் ஆட்சிப் பொறுப்பைக் கேட்டாள், அவள் பிறந்த நாட்டில் அது சகஜம். இங்கே மறுத்து யார்க்கைப் பாதுகாவலராக்கினார்கள். அதன் பிறகு யார்க்கை நம்பு என்றால் எப்படி நம்புவாள்?

1460 சமரசம் அவளுடைய ஏழு வயது மகனின் உரிமையைப் பறித்தது. கையெழுத்துப் போட்டது பெற்ற தகப்பன். கல்தூண் அவர்களே, நிலத்தைப் பிடுங்கினால் எதிர்ப்பான் என்றீர்களே, அது அவளுக்கும் பொருந்தும்தானே?


கல்தூண்:

முழுக்கப் பொருந்தும். 1460 டிசம்பர் 30 வேக்ஃபீல்டில் யார்க் கொல்லப்பட்டு, தலைக்குக் காகித மகுடம் சூட்டி யார்க் நகர வாசலில் மாட்டப்பட்டது அந்தச் சமரசத்தின் பலன்தான்.


வைகைக்கரை:

மார்கரெட்டின் கோபம் நியாயமானது, சரி. ஆனால் 1461 பிப்ரவரியில் ஜெயித்த ஆட்டத்தை அவள் தரப்பு விட்டுவிட்டது. இதுதான் உண்மையான திருப்பம் என்பது என் கட்சி.

வேக்ஃபீல்டுக்குப் பின் வடக்கத்திப் படை தெற்கே இறங்கியது. கூலி கொடுக்கப் பணமில்லை, வழியெல்லாம் கொள்ளை. தெற்கே இருந்தவர்களுக்கு வடக்கத்தியர் என்றாலே பயம், யார்க் தரப்பும் வதந்தியை ஊதிவிட்டது. பிப்ரவரி 17, செயின்ட் ஆல்பன்ஸில் இரண்டாவது சண்டை, வாரிக் தோற்றார், ராஜா மனைவியிடம் திரும்பக் கிடைத்தார். லண்டன் ஒருநாள் தூரம்.

நகர நிர்வாகம் பயந்துபோய்ப் பெரிய இடத்துப் பெண்களைத் தூது அனுப்பியது, படைக்கு வண்டி வண்டியாக உணவும் ஏற்றியது. அந்த வண்டிகளைக் கிரிப்பிள்கேட் வாசலில் சாதாரண ஜனங்கள் மறித்து, கொள்ளைக்காரர்களுக்குச் சோறா என்று பிடுங்கிக்கொண்டார்கள். மேயர் சொன்னதைக்கூடக் கேட்கவில்லை. மார்கரெட் நகரத்தைப் பலாத்காரமாகப் பிடிக்கத் துணியவில்லை, வடக்கே திரும்பினாள். பத்து நாளில் பதினெட்டு வயது எட்வர்டும் வாரிக்கும் லண்டனுக்குள் வந்தார்கள். மார்ச் 4ஆம் தேதி எட்வர்ட் ராஜா.

1456லேயே அரசவையை லண்டனிலிருந்து காவென்ட்ரிக்கு மாற்றியதன் விலை இது. ஐந்து வருடமாகத் தலைநகரத்தைப் பகைத்துக்கொண்டு, ஆபத்து நேரத்தில் கதவைத் தட்டினால் திறப்பார்களா?


தேநீர்ப்பொழுது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எட்வர்ட் ராஜாவான அதே மாதம் நடந்த டவுட்டன் சண்டையில் ஒரே நாளில் 28,000 பேர் செத்தார்கள் என்கிறார்களே, நம்பலாமா?


நூலகப்பூனை:

அந்த எண் போர் முடிந்த கையோடு ஜெயித்த யார்க் தரப்பினர் கடிதங்களில் எழுதியது. இன்றைய ஆய்வாளர்களில் பலர் அவ்வளவு இருக்காது என்கிறார்கள். ஆனால் கொடூரம் பொய்யில்லை. 1461 மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு, பனிக் காற்று லங்காஸ்டர் முகத்தில் அடித்தது. யார்க் தரப்பின் ஃபாக்கன்பெர்க் பிரபு அதைப் பயன்படுத்தி வில்லாளிகளை அம்பு விடச் செய்தார். எதிர்த்து விட்ட அம்புகள் எட்டவில்லை. ஓடியவர்கள் காக் ஓடையில் விழுந்து செத்தார்கள். 1996இல் அங்கே ஒரு கூட்டுக்குழி கிடைத்தது, சுமார் 40 பேரின் எலும்புகள். மண்டை ஓடுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட வெட்டுகள்.

இழைக்குச் சம்பந்தமான ஒரு விஷயம்: அன்று களத்தில் நின்ற பிரபுக்களில் பெரும்பாலோர் லங்காஸ்டர் பக்கம். உரிமை கெட்ட வம்சத்துக்கு இவ்வளவு பேர் சாக வருவார்களா வைகைக்கரை?


வைகைக்கரை:

அதுவரை சும்மா இருந்தீர்கள், சமயம் பார்த்து அடிக்கிறீர்கள் :)

சரி, ஒரு கேள்வி திருப்பிக் கேட்கிறேன். 1461இல் ஆட்சி போனது. 1470 அக்டோபரில் வாரிக்கே கட்சி மாறி ஹென்றியைத் திரும்ப உட்கார வைத்தார். அப்படியும் ஏழு மாதத்தில் எல்லாம் ஒரேயடியாக அழிந்தது ஏன்? வாய்ப்பு இரண்டாவது முறையும் கிடைத்ததே?


கல்தூண்:

வாரிக் கொண்டுவந்த கூட்டணியில் ஒருவருக்கொருவர் முகம் பார்க்க மாட்டார்கள். மார்கரெட் பிரான்ஸிலேயே தாமதித்தாள். 1471 ஏப்ரல் 14, ஈஸ்டர் ஞாயிறு, அவள் இங்கிலாந்தில் கால் வைத்த அதே நாளில் பார்னெட்டில் வாரிக் செத்தார். அங்கே மூடுபனியில் ஆக்ஸ்ஃபோர்ட் ஏர்லின் நட்சத்திரச் சின்னத்தை எட்வர்டின் சூரியச் சின்னம் என்று நினைத்துச் சொந்தப் படையே அம்பு விட்டது. துரோகம் என்று கூச்சல் எழுந்தது. இரண்டு பழைய எதிரிகளை ஒரே அணியில் நிறுத்தினால் முதல் சந்தேகம் அந்தப் பக்கம்தானே போகும். மே 4, டியூக்ஸ்பரியில் ஆறாம் ஹென்றியின் மகன் இளவரசர் எட்வர்ட் 17 வயதில் கொல்லப்பட்டார்.

ஆனால் "ஒரேயடியாக" என்பதற்குப் பதில் வேறு. நான்காம் ஹென்றிக்கு நான்கு மகன்கள். வளர்ந்து ஆளாகி, எல்லாரும் திறமைசாலிகள். ஐந்தாம் ஹென்றியைத் தவிர மற்ற மூவருக்கும், கிளாரன்ஸ், பெட்ஃபோர்ட், குளோஸ்டர், சட்டப்படியான வாரிசு ஒன்றுகூட மிஞ்சவில்லை. நான்கு மகன்கள் வழியாக மொத்தம் ஒரே பேரன், அது ஆறாம் ஹென்றி. அவருக்கும் ஒரே மகன். யார்க் டியூக்கைப் பாருங்கள், அவர் செத்தபோது எட்வர்ட், ஜார்ஜ், ரிச்சர்ட் என்று மூன்று பையன்கள் மிச்சம்.

ஹென்றியை 1465இல் பிடித்து ஐந்து வருடம் லண்டன் கோபுரச் சிறையில் உயிரோடு வைத்திருந்ததும் இந்தக் கணக்கில்தான். அப்பாவைக் கொன்றால் பிரான்ஸில் பாதுகாப்பாக இருக்கும் மகன் உடனே ராஜா. சிறையில் ஒரு தளர்ந்த மனிதர், வெளியே சுறுசுறுப்பான இளைஞன், எதிரிக்கு எது வசதி? மகன் டியூக்ஸ்பரியில் செத்ததும் அந்த வசதி தீர்ந்தது. மே 21 இரவு ஹென்றியும் இறந்தார். துக்கத்தில் இறந்ததாக அதிகாரப்பூர்வ அறிவிப்பு, அன்றைக்கே நம்பியவர்கள் குறைவு.


தேநீர்ப்பொழுது:

அப்படியானால் 1485இல் லங்காஸ்டர் வாரிசு என்று மகுடத்தைப் பிடித்த ஹென்றி டியூடர் எந்த லங்காஸ்டர்? வம்சமே அழிந்தது என்கிறீர்களே.


நூலகப்பூனை:

அம்மா வழி. கான்ட் ஊர் ஜானுக்கும் கேத்தரின் ஸ்வின்ஃபோர்டுக்கும் கல்யாணத்துக்கு முன்பே பிறந்த பிள்ளைகள் போஃபோர்ட் குடும்பம். 1397இல் சட்டபூர்வப் பிள்ளைகள் என்று அங்கீகாரம் கிடைத்தது. 1407இல் நான்காம் ஹென்றி, ஒரே தகப்பனுக்குப் பிறந்த தன் தம்பிகளான இவர்களுக்கு மகுட உரிமை மட்டும் இல்லை என்று ஒரு வரியைச் சேர்த்தார். ஆண்வழி போஃபோர்ட்களும் டியூக்ஸ்பரியோடு தீர்ந்தார்கள். மிஞ்சியது மார்கரெட் போஃபோர்ட். பதின்மூன்று வயதில், 1457 ஜனவரியில், அவள் பெற்ற ஒரே பிள்ளைதான் ஹென்றி டியூடர். அப்பா எட்மண்ட், ஆறாம் ஹென்றிக்குத் தாய்வழித் தம்பி. அந்தப் பக்கத்திலிருந்து மகுட உரிமை எதுவும் வராது.


வைகைக்கரை:

பார்த்தீர்களா, கடைசியில் வம்சாவளிக்கே வந்து சேர்ந்தோம்!


நூலகப்பூனை:

வரவில்லை ஐயா. 1485 நவம்பரில் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தைப் பாருங்கள். மகுடம் ஹென்றியிடமும் அவர் வாரிசுகளிடமும் இருக்கட்டும் என்கிறது. எந்த உரிமையில் என்று ஒரு வார்த்தை கிடையாது.